அட்டையில ஒரு ஐரிஷ் ஊர்த்தெரு: மாடல் ரயில்வேக்குப் புதுசா வர்றவங்களுக்கு

மாடல் ரயில்வேல அயர்லாந்தை எடுத்துக்கிட்டவங்களுக்கு என்ஜின், பெட்டி எதுக்கும் இப்போ பஞ்சம் இல்லை. மர்ஃபி மாடல்ஸ், ஐரிஷ் ரயில்வே மாடல்ஸ் எல்லாம் ஓஓ ஸ்கேல்ல, அதாவது நிஜத்துல 76ல ஒரு பங்கு அளவுல, அருமையா விட்டிருக்காங்க, பிரிச்சு தண்டவாளத்துல வச்சா ஓடுது. ஊர்தான் சிக்கல். கறுப்பும் ஆரஞ்சுமா சிஐஇ (அயர்லாந்து அரசுப் போக்குவரத்து நிறுவனம்) டீசல் என்ஜின் ஜம்முனு வந்து ஸ்டேஷன்ல நிக்கும், பின்னாடி பார்த்தா வரிசையா சிவப்புச் செங்கல் வீடு, எல்லாம் ஒரே உயரம், ஒரே ஜன்னல், அப்படியே இங்கிலாந்து மில் டவுன், ஆலைத் தொழிலாளர் ஊர். கடைப் பலகையில கெல்லின்னு பேர் எழுதிட்டா மட்டும் அது அயர்லாந்து ஆகிடாது, பார்க்கிறவங்க கண்ணு ஒரு செகண்ட்ல கண்டுபிடிச்சிடும்.

அந்தத் தெருவை அட்டையில எப்படிக் கட்டுறதுன்னு அடியிலிருந்து சொல்றேன். கட்டர் பிடிச்சுப் பழக்கமே இல்லைன்னாலும் பரவாயில்லை. அட்டை மலிவு, கெட்டுப்போனா இன்னொண்ணு வெட்டிக்கலாம், அதனால தைரியமா ஆரம்பிங்க.

முதல்ல தெருவைப் பாருங்க

ஐரிஷ் சின்ன ஊரோட மெயின் ஸ்ட்ரீட்ல வீடெல்லாம் ஒட்டி ஒட்டித்தான் இருக்கும், முன்னாடி தோட்டம் கிடையாது, கதவைத் திறந்தா நேரா நடைபாதை. ஆனா ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு ஆளு ஒவ்வொரு காலத்துல கட்டினது, அதனால ஒண்ணு ரெண்டு மாடி, பக்கத்துல மூணு மாடி, அதுக்கடுத்தது ரெண்டு மாடிதான் ஆனா கூரை ரெண்டு அடி கீழ. இந்த மேடு பள்ளமான கூரைக்கோடு தான் உயிர்நாடி, மத்ததெல்லாம் சுமாரா வந்தாலும் இது சரியா வந்துட்டா தெரு அயர்லாந்து ஆயிடும்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

அடுத்தது சுவர். உள்ளே கரடுமுரடான கல்லு, சுமார் ரெண்டு அடி கனம், அதுக்கு மேல சுண்ணாம்புப் பூச்சு, பிற்காலத்துல சிமென்ட் பூச்சு, அதுக்கு மேல பெயின்ட். செங்கல் வெளிய தெரியவே தெரியாது. கொஞ்சம் வசதியான கடைக்காரர்னா பூச்சு ஈரமா இருக்கும்போதே கோடு இழுத்து வெட்டுக்கல் மாதிரி காட்டியிருப்பார், சுவர் மூலையில மேடா மூலைக்கல் வச்சிருப்பார், ஜன்னலைச் சுத்தி ஒரு பட்டை ஓடும். கூரை சிலேட்டு. புகைபோக்கி ரெண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் மேல நிக்கும். கீழ்த்தளத்துல கடை, ரெண்டு ஓரத்துலயும் தூண் மாதிரி பட்டை, மேல நீளமா ஒரு பலகை, அதுல முதலாளியோட குடும்பப் பேர். பல ஊர்ல மளிகையும் பப்பும் ஒரே கடை, முன்னாடி டீத்தூளும் சர்க்கரையும் விப்பாங்க, உள்ளே பார். அப்புறம் தெருவுல அங்கங்க ஒரு வளைவு வாசல் இருக்கும், வண்டி குதிரையோட பின்கட்டுக்குப் போற வழி. இதை மறக்காம ஒண்ணாவது வைங்க, பின்னாடி இன்னும் ஊர் இருக்குன்னு நம்ப வைக்கிறது அதுதான்.

இது பொதுவான படம். இடத்துக்கு இடம் மாறும், அதனால எந்த ஊர்னு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. பெல்ஃபாஸ்ட்ல செங்கல் வரிசை வீடு நிறைய உண்டு, அங்க இங்கிலாந்து வீட்டுக் கிட் (கடையில கிடைக்கிற வெட்டி ஒட்டுற அட்டை செட்) நேரா பொருந்தும், ஒண்ணும் மாத்த வேண்டாம். டப்ளின்ல ஜார்ஜியன் காலத்துச் செங்கல் மாளிகைங்க, மாடி ஏற ஏற ஜன்னல் உயரம் குறைஞ்சுக்கிட்டே போகும். கின்சேல் பக்கம் மழைக்காக சுவர்லயே சிலேட்டு அடிச்சிருப்பாங்க. வடக்குல டோனகால் டவுன், குளோன்ஸ் மாதிரி ஊர்ல நடுவுல டயமண்ட்னு சொல்ற சந்தை மைதானம், அதைச் சுத்தி கடைங்க. கெர்ரி மாவட்டத்துல லிஸ்டோவல் போனா பேட் மெக்காலிஃப்னு ஒரு கொத்தனார், 1846ல பிறந்து 1921ல இறந்தவர், கடை முகப்பு பூரா சுதையிலயே சிற்பம் பண்ணி வச்சிருக்கார், ஒரு பப் முகப்புல பெண்ணும் யாழும் வேட்டை நாயும் வட்டக் கோபுரமும் சேர்ந்து நிக்கும். அதை முதல் வேலையா எடுக்காதீங்க, ஆனா கை பழகின பிறகு அப்படி ஒண்ணு தெரு நடுவுல வச்சா மத்த வீடெல்லாம் தானா எடுபடும்.

புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது கார்க் மாவட்டத்தோட மேற்குப் பக்கம், குளோனகில்ட்டி மாதிரி ஒரு ஊர். 1886ல கிளை லைன் வந்துச்சு, 1961ல மத்த வெஸ்ட் கார்க் லைனோட சேர்த்து மூடிட்டாங்க. ஊர் சின்னது, ரயிலும் சின்னது, ஒரு என்ஜின் நாலு பெட்டி போதும், மேஜை அளவுல அடங்கிடும். அதே ஊர்ல 1:24 அளவுல 1940கள்ல இருந்த வெஸ்ட் கார்க் ஊர்களைக் கட்டி வச்ச மாடல் ரயில்வே கிராமமும் இருக்கு. அந்தப் பக்கம் போற வாய்ப்பு கிடைச்சா கண்டிப்பா பாருங்க, அங்க வீடுங்களோட உயரம் எப்படி ஏறி இறங்குதுன்னு மட்டும் கவனிச்சாலே பாதி பாடம் ஆச்சு.

எந்த வருஷம்?

இதுக்குப் பதில் சொல்லாம ஒரு அட்டையையும் வெட்டாதீங்க. தபால் பெட்டியையே எடுத்துக்கங்க, பிரிட்டிஷ் காலத்துல சிவப்பு, 1922க்குப் பிறகு தெற்குல அமைஞ்ச ஐரிஷ் சுதந்திர அரசு அதே பெட்டி மேலேயே பச்சை அடிச்சிடுச்சு, விக்டோரியா ராணியோட முத்திரை அப்படியே பச்சைக்குள்ள இருக்கும். வட அயர்லாந்துல இன்னைக்கும் சிவப்புதான். டெலிபோன் கூண்டு தெற்குல பச்சையும் கிரீம் கலருமா இருந்துச்சு, இங்கிலாந்து சிவப்புக் கூண்டைக் கொண்டு வந்து வச்சா மொத்த உழைப்பும் போச்சு. கிராமப்புற மின்சாரத் திட்டம் 1946லதான் ஆரம்பிச்சுது, அதனால அதுக்கு முந்தின குக்கிராமத்துல கரண்ட் கம்பம் நடாதீங்க. டெலிஃபிஷ் ஏரன்ங்கிற அயர்லாந்து அரசு டிவி 1961 கடைசி நாள்ல ஒளிபரப்பை ஆரம்பிச்சுது, குளோனகில்ட்டி லைன் அதுக்கு முன்னாடியே மூடியாச்சு, அப்போ உங்க ஊர்ல புகைபோக்கி மேல ஆன்டெனாவே கூடாது.

கலரும் வருஷத்தைப் பொறுத்ததுதான். இப்போ போஸ்ட்கார்டுல பார்க்கிற மஞ்சள், ஊதா, கிளிப்பச்சை எல்லாம் பெரும்பாலும் பின்னாடி வந்தது. 1958ல டைடி டவுன்ஸ்னு ஊரை அழகா வச்சுக்கிற போட்டி ஆரம்பிச்சாங்க, முதல் பரிசு டோனகால்ல இருக்கிற கிளென்டீஸுக்கு, அதுவும் முன்னாடி 3 அடி கேஜ் ரயில் போன ஊர்தான். 1950கள் தெருன்னா சாம்பல் சிமென்ட், சுண்ணாம்பு வெள்ளை, கிரீம், மங்கின காவி, இதுக்குள்ளயே இருங்க, எங்கயாவது ஒரு கடை முகப்புல மட்டும் கரும்பச்சையோ ரத்தச் சிவப்போ வரட்டும்.

அளவு

ஓஓ ஸ்கேல்ல நிஜத்துல 1 அடி மாடல்ல 4 மில்லிமீட்டர். விகிதம் 1:76. மீட்டர்ல யோசிக்கிறவங்களுக்கு 1 மீட்டர் சுமார் 13 மி.மீ. அயர்லாந்து தண்டவாளம் 5 அடி 3 அங்குல அகலம், கடையில கிடைக்கிற ஓஓ தண்டவாளம் 16.5 மி.மீ, ரொம்ப கறாரா இருக்கிறவங்க 21 மி.மீ தண்டவாளத்தைத் தானே போடுறாங்க, ஆனா வீடு கட்டுறவங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை, ரெண்டுக்கும் கட்டடம் ஒண்ணுதான். 3 அடி நேரோ கேஜ் பண்றவங்களுக்கும் இதே 4 மி.மீ கணக்கு. இன்னும் சின்னதான N ஸ்கேல்ல பண்றவங்க எல்லா அளவையும் கிட்டத்தட்ட பாதியாக்கிக்கங்க.

மனசுல வச்சுக்க வேண்டிய நம்பர் கொஞ்சம்தான். கதவு 26 மி.மீ உயரம், 12 அகலம். ஒரு மாடி 36லிருந்து 40. வீட்டு முகப்பு 70லிருந்து 85 அகலம். ஜன்னல் கீழ 12க்கு 20, மேல 12க்கு 16. போட்டோவுல இருந்து அளவெடுக்கிறது ரொம்ப சுலபம், நேரா எடுத்த படமா பாருங்க, கதவு உயரத்தை ஒரு துண்டுப் பேப்பர்ல குறிச்சுக்கங்க, முகப்பு அகலம் எத்தனை கதவு, உயரம் எத்தனை கதவுன்னு அளந்து 26ஆல பெருக்குங்க. சாய்வா எடுத்த படம்னா அகலம் ஏமாத்தும், உயரத்தை மட்டும் நம்புங்க.

படம் எங்க கிடைக்கும்? அயர்லாந்து தேசிய நூலகத்துல லாரன்ஸ் சேகரிப்புன்னு ஒண்ணு இருக்கு, 19ஆம் நூற்றாண்டுக் கடைசியிலிருந்து முதல் உலகப்போர் சமயம் வரைக்கும் நாடு முழுக்க ஊர் ஊரா எடுத்த கண்ணாடி நெகட்டிவ், ஆயிரக்கணக்குல ஆன்லைன்ல சும்மாவே பார்க்கலாம். அதே நூலகத்துல ஓ'டே சேகரிப்பு ரயில் படங்களுக்கு. கட்டடம் கட்டடமா படமும் விவரமும் வேணும்னா அயர்லாந்து அரசோட தேசிய கட்டடப் பாரம்பரியப் பட்டியல், ஊர் பேரைப் போட்டுத் தேடினா முகப்பு, ஜன்னல் வகை, பூச்சு வகை எல்லாம் எழுதியே வச்சிருப்பாங்க. இதை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து படிச்சீங்கன்னா கிட் வாங்கற பணம் பாதி மிச்சம்.

கிட் வாங்கலாமா, சொந்தமா வெட்டலாமா

மெட்கால்ஃப், சூப்பர்குவிக் ரெண்டும் இங்கிலாந்து கம்பெனி, அச்சடிச்சு வெட்டுக்கோடு போட்ட அட்டையா வரும், பிரிச்சு மடிச்சு ஒட்டினா வீடு. ஸ்கேல்சீன்ஸ்ல ஒரு தடவை காசு கட்டி ஃபைலை இறக்கிக்கிட்டா எத்தனை தடவை வேணும்னாலும் நாமளே பிரின்ட் எடுத்து அட்டையில ஒட்டி வெட்டிக்கலாம். நான் சொல்ற வழி, முதல் வீட்டுக்கு ஒரு இங்கிலாந்து லோ ரிலீஃப் கடை கிட்டை வாங்குங்க. லோ ரிலீஃப்னா முழு வீடு இல்லை, முகப்பும் கொஞ்சம் ஆழமும் மட்டும், பின்திரைக்கு முன்னாடி நிக்கிறதுக்கு. அந்தக் கிட்டோட செங்கல் அச்சு மேல நம்ம பூச்சை ஏத்திடலாம். ஜன்னல் ஓட்டை, மடிப்பு எல்லாம் மெஷின் வெட்டினது, அதனால அட்டை எப்படி ஒண்ணு சேருதுன்னு கத்துக்க ரொம்ப நல்லது. ரெண்டாவது வீட்டிலிருந்து சொந்தமா வெட்டுங்க, தெரு முழுக்க கிட்லயே போனா எல்லா வீடும் ஒரே உயரத்துல வந்து நிக்கும், எதுக்காக ஆரம்பிச்சோமோ அதுவே போயிடும்.

ஒரே கிட் ரெண்டு வாங்கிட்டீங்கன்னா ஒண்ணுக்கு அடியில 5 மி.மீ பட்டை ஒட்டி உயர்த்துங்க, கடைப்பகுதியை ரெண்டுக்கும் வேற வேற பண்ணுங்க, ஒண்ணோட நடு ஜன்னலை அடைச்சிடுங்க.

சாமான்

கிரே போர்டு 1 மி.மீ, 2 மி.மீ ரெண்டும், புத்தகம் பைண்டிங் பண்றவங்க கிட்ட கேட்டா கிடைக்கும். ஃபெவிகால். ஸ்டீல் ரூலர், பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம், கட்டர் அதைச் சீவிடும். மட்டம் பார்க்க ஒரு செட் ஸ்கொயர். கட்டிங் மேட். கட்டரும் ஒரு பாக்கெட் பிளேடும், பிளேடை சிக்கனம் பண்ணாதீங்க, மொட்டை பிளேடு அட்டையைக் கிழிக்கும், அதுவும் இல்லாம நாம அழுத்த ஆரம்பிப்போம், அப்போதான் வழுக்கி விரல்ல படும். ஓஹெச்பி ஷீட், அதாவது கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் தாள், ஜன்னல் கண்ணாடிக்கு. மேட் அக்ரிலிக் பெயின்ட், மேட் வார்னிஷ் ஸ்ப்ரே. சாதாரண 100 ஜிஎஸ்எம் பேப்பர். இவ்வளவுதான்.

பிரின்ட் எடுக்கிறதா இருந்தா பிரின்டர் செட்டிங்ல ஆக்சுவல் சைஸ்னு வைங்க, ஃபிட் டு பேஜ்னு இருந்தா மூணு நாலு சதவீதம் சுருங்கிடும், முதல் தாளை ரூலர் வச்சு அளந்து பார்த்துட்டு மீதியை அடிங்க. இன்க்ஜெட்ன்னா ஒட்டறதுக்கு முன்னாடியே வார்னிஷ் ஒரு கோட் அடிச்சிடுங்க, இல்லைன்னா ஃபெவிகால் ஈரத்துல இங்க் கலைஞ்சிடும்.

முகப்பு வெட்டுறது

முகப்பை ரெண்டு அடுக்கா பண்ணுங்க. முன் அடுக்கு 2 மி.மீ அட்டை, இதுல கதவு ஜன்னல் ஓட்டை. பின் அடுக்கு 1 மி.மீ, இதுல அதே ஓட்டை சுத்தி 1 மி.மீ சின்னதா. ரெண்டையும் ஒட்டினா ஜன்னல் சட்டம் சுவருக்குள்ள 2 மி.மீ போய் உட்காரும், அது நிஜத்துல அரை அடி. கல் சுவர்னு பார்க்கிறவங்களுக்குத் தோண வைக்கிறது இந்த ஆழம்தான், மெல்லிசு அட்டையில சட்டத்தை மட்டமா ஒட்டினீங்கன்னா எவ்வளவு நல்லா பெயின்ட் அடிச்சாலும் காகித வீடாத்தான் தெரியும்.

வெட்டும்போது உள்ளே இருக்கிற ஓட்டைங்களை முதல்ல, வெளிக்கோட்டைக் கடைசியில. வெளிய வெட்டிட்டு உள்ளே வெட்டினா பிடிக்க இடம் இருக்காது, ஓரம் வளையும். ஜன்னலோட நாலு மூலையிலயும் ஊசியால ஒரு குத்து குத்திக்கங்க, மூலையிலிருந்து நடுவுக்கு வெட்டுங்க, எதிர் மூலையிலிருந்தும் நடுவுக்கு, அப்போ கோடு தாண்டாது. ஒரே அழுத்துல வெட்டப் பார்க்காதீங்க, லேசா அஞ்சாறு தடவை.

ஜன்னல் பழைய ஐரிஷ் வீட்டுல மேல கீழ தள்ளுற ரகம். மேல் பாதி வெளிப்பக்கம், கீழ் பாதி கொஞ்சம் உள்பக்கம். ஓஹெச்பி ஷீட்டோட முன்பக்கம் மேல் பாதிச் சட்டத்தைப் பேப்பர்ல வெட்டி ஒட்டுங்க, பின்பக்கம் கீழ் பாதியை. வெறும் ஷீட் கனம்தான் வித்தியாசம், ஆனா வெளிச்சம் சாய்வா படும்போது தெரியும். நடுக் கம்பிங்களை வெள்ளை ஜெல் பேனாவால ரூலர் வச்சு இழுங்க, மெல்லிசா வரலைன்னா வெள்ளை ஸ்டிக்கர் பேப்பரை நூல் மாதிரி சீவி ஒட்டலாம். உள்பக்கம் டிஷ்யூ பேப்பர்ல திரைச்சீலை, அதுக்குப் பின்னாடி கறுப்பு அட்டை. கறுப்பு அட்டை இல்லைன்னா ஜன்னல் வழியா காலிப் பெட்டிதான் தெரியும்.

பூச்சு

இங்க கொஞ்சம் நிதானமா இருங்க, ஐரிஷ் வீடு பிறக்கிறது இந்த இடத்துலதான். மழமழன்னு இருக்கிற சுவருக்கு அக்ரிலிக் பெயின்ட்ல கொஞ்சம் டால்கம் பவுடர் கலந்து கெட்டியா அடிச்சா போதும், ரெண்டு கோட். காய்ஞ்சப்புறம் வெட்டுக்கல் கோடு வேணும்னா 6 மி.மீக்கு ஒண்ணா படுக்கைக் கோடு, 10லிருந்து 12 மி.மீக்கு ஒண்ணா நிக்கிற கோடு, செங்கல் கட்டுற மாதிரி மாத்தி மாத்தி, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால அழுத்தி இழுங்க. கரகரப்பான பூச்சுக்கு வால் புட்டியைத் தண்ணியா கரைச்சு பெயின்ட்ல கலந்து ஸ்பாஞ்சால ஒத்தி ஒத்தி எடுங்க, தடவக் கூடாது, ஒத்தணும். கூழாங்கல் எறிஞ்ச மாதிரி இருக்கிற பிற்காலப் பூச்சு வேணும்னா ரொம்ப நைஸான உப்புத்தாளை வெட்டி ஒட்டி மேல பெயின்ட்.

ஈரப் பெயின்ட் அட்டையை வளைக்கும், அதனால பின்பக்கமும் ஒரு கோட் ஃபெவிகால் தண்ணியோ பெயின்டோ அடிச்சு, காய்ஞ்சதும் ராத்திரி பூரா கனமான புத்தகத்துக்குக் கீழ வைங்க. கடலோர ஊர்ல இருக்கீங்கன்னா வார்னிஷ் ரெண்டு பக்கமும் கட்டாயம்.

மூலைக்கல்லும் ஜன்னல் பட்டையும் கெட்டிப் பேப்பர்லயே வெட்டி ஒட்டலாம், மூலைக்கல் மாத்தி மாத்தி ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டை. சுவரோட அடியில 8 மி.மீ உயரத்துக்கு ஒரு பட்டை கறுப்போ கருஞ்சாம்பலோ அடிங்க, தெருச்சேறு தெறிக்கிற இடம், நிறைய வீட்டுல இப்படித்தான் இருந்துச்சு. ஜன்னல் அடிக்கல் 1 மி.மீ அட்டைப் பட்டை, ரெண்டு பக்கமும் 1 மி.மீ நீட்டி.

கலரை டப்பாவுல இருக்கிற மாதிரியே அடிக்காதீங்க. எல்லாத்துலயும் கொஞ்சம் வெள்ளை, ஒரு துளி சாம்பல். சின்ன உருவத்துல சுத்தக் கலர் பொம்மைத்தனமா தெரியும்.

கடை முகப்பு

தனியா ஒரு அட்டையில முழுசா பண்ணிட்டுக் கடைசியில ஒட்டுங்க. ரெண்டு ஓரத்துத் தூண் 4 மி.மீ அகலம், நடுவுலயோ ஓரத்துலயோ கதவு, மாடி வீட்டுக்குப் போக தனியா இன்னொரு கதவு, இந்த ரெண்டாவது கதவை நிறைய பேர் விட்டுடறாங்க. மேல பலகை 8 மி.மீ உயரம், அதுல எழுத்து 4லிருந்து 5. அதுக்கு மேல மழைத் தண்ணி தள்ள 2 மி.மீ நீட்டின ஒரு விளிம்பு.

பேர் விஷயத்துல ஏனோதானோன்னு இருக்காதீங்க. குடும்பப் பேர் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். மேற்குக் கார்க்ல ஓ'டிரிஸ்கல், மெக்கார்த்தி, ஓ'சல்லிவன். டோனகால்ல கேலஹர், பாய்ல், ஓ'டானல். கால்வேல ஜாய்ஸ், ஓ'ஃப்ளாஹெர்ட்டி. 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கு ஏடுங்க அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்துல ஆன்லைன்ல இலவசம், ஊரை எடுத்து தெருவை எடுத்தா என்னென்ன குடும்பப் பேர் புழங்குச்சுன்னு தெரியும். எழுத்து கையால எழுதின மாதிரி, கொஞ்சம் நிழலோட, கரும்பலகையில தங்கக் கலர் நல்லா எடுக்கும். ஐரிஷ் மொழியில பழைய எழுத்து வடிவத்துல ஒரே ஒரு பலகை வைங்க, எல்லாத்திலயும் வேண்டாம். கின்னஸ் விளம்பரம் ஒண்ணு போதும், ரெண்டாவது வச்சா டூரிஸ்ட் கடை ஆகிடும்.

பெட்டியும் கூரையும்

லோ ரிலீஃப்னா ஆழம் 25லிருந்து 40 மி.மீ. பக்கச் சுவர் வெட்டும்போது முகப்பு அட்டையோட கனத்தைக் கழிக்க மறக்காதீங்க. உள்ளே குறுக்கு அட்டை ரெண்டு நிறுத்தி ஒட்டினா ஆடாது, கோணாது. முழு வீடுன்னா ஆழம் 80 வச்சுக்கங்க, நடு முகடு சுவர் மட்டத்திலிருந்து 34 மி.மீ மேல, அது சுமார் 40 டிகிரி சாய்வு, கூரை அட்டை சாய்வு நீளம் 53. முன்பக்கம் 1 மி.மீ நீட்டினா போதும், பக்கவாட்டுல நீட்டவே வேண்டாம், சுவரோட வெட்டின மாதிரி நிக்கட்டும். லோ ரிலீஃப்ல முன் சாய்வு மட்டும் முகடு வரைக்கும், ஆழம் பத்தலைன்னா பாதியில நிறுத்தி பின்திரையில முட்ட வைங்க.

சிலேட்டு முன்வரிசை வீட்டுக்குக் கையால போடுங்க, பொறுமை வேணும் ஆனா ஈடே கிடையாது. பேப்பர் முழுக்க கருநீலச் சாம்பல் கலர்ல, அங்கங்க கூடக் குறைய அடிச்சுக்கங்க. 6 மி.மீ பட்டையா வெட்டி, ஒவ்வொரு பட்டையிலயும் 3 மி.மீ ஆழத்துக்கு கத்தரியால நறுக்குங்க, ஒவ்வொரு நறுக்குக்கும் 3.5 இடைவெளி. கூரை அடியிலிருந்து மேல ஒட்டிக்கிட்டே வாங்க, ஒவ்வொரு வரிசையும் 3 மி.மீ மட்டும் தெரியற மாதிரி, நறுக்கு கீழ் வரிசையோட நறுக்குக்கு நேரா வராம நடுவுல வரணும். அங்க ஒண்ணு இங்க ஒண்ணு வழுக்கின மாதிரி கொஞ்சம் சாய்ச்சு விடலாம், அதிகம் வேண்டாம். பின்வரிசைக்கு அச்சடிச்ச தாளே போதும்.

புகைபோக்கி 8க்கு 16 மி.மீ, முகடுக்கு மேல 18 உயரம், இதுக்கும் பூச்சுதான். மேல வைக்கிற மண் குழாய் பேப்பரை சைக்கிள் ஸ்போக்ஸ்ல சுத்தி ஒட்டி உருவி எடுத்து 8 மி.மீ துண்டா வெட்டுங்க, ஒண்ணு ரெண்டு உயரம் மாறட்டும். ரெண்டு வீட்டுக்கு நடுவுல 1 மி.மீ கம்பியில தண்ணி இறங்குற பைப்பு, அதுக்குக் கீழ சுவர்ல லேசா பச்சை கலந்த அழுக்கு.

வெட்டின அட்டையோட ஓரமெல்லாம் வெளுப்பா தெரியும், ஒட்டறதுக்கு முன்னாடியே பக்கத்துக் கலர்ல வாட்டர்கலர் பென்சில் தேய்ச்சிடுங்க. ரெண்டு நிமிஷ வேலைதான்.

வரிசையா நிறுத்துறது

அஞ்சு வீடு ஆனதும் ஒட்டாம சும்மா நிறுத்தி இடம் மாத்தி மாத்திப் பாருங்க, மூணு மாடி நடுவுலயா ஓரத்துலயா, வளைவு வாசல் எங்க. கண் மட்டத்துல குனிஞ்சு பாருங்க, போன்ல கறுப்பு வெள்ளையில ஒரு படம் எடுத்தா கூரைக்கோடு சரியா இருக்கான்னு பளிச்சுனு தெரியும். வரிசைக்கு ஒரு பெரிய கட்டடம் வேணும், சுண்ணாம்புக்கல் பேங்க் நல்ல தேர்வு, அதுக்கு மட்டும் கல் அச்சுத்தாள் பயன்படுத்துங்க.

தெருவை அகலமா விடுங்க. மாட்டுச் சந்தை தெருவுலயேதான் நடந்துச்சு, 1950கள் நடுவுலதான் மாடு விக்க தனி மார்ட் வளாகங்க வர ஆரம்பிச்சுது, அதுவரைக்கும் சந்தை நாள்ல வாங்கின மாட்டை ஸ்டேஷனுக்கு ஓட்டிட்டுப் போய் வண்டியில ஏத்துவாங்க. நிஜ அகலம் 50, 60 அடி, அதாவது 200 மி.மீக்கு மேல, இடம் இல்லைன்னா 120க்குக் கீழ போகாதீங்க. ஸ்டேஷன்ல மாடு ஏத்துற மேடையும் பட்டியும் வச்சா தெருவுக்கும் ரயிலுக்கும் சம்பந்தம் வந்துடும், வெறும் பின்னணியா நிக்காது.

இன்னொரு விஷயம், பல ஊர்ல ஸ்டேஷன் ஊருக்கு வெளிய ஒதுங்கித்தான் இருக்கும், ரயில்ல இருந்து தெரியறது வீட்டோட முதுகுதான். அப்படி வைக்கிறதா இருந்தா வேலை வேற மாதிரி. பின்சுவர்ல பெயின்ட் இல்லை, வெறும் சாம்பல் பூச்சு, ஜன்னல் ஒழுங்கில்லாம இருக்கும், கரடுமுரடு கல் மதில், துருச்சிவப்பு அடிச்ச தகரக் கொட்டகை, துணிக்கொடி. எனக்கு இந்த முதுகுப்பக்கம் முன்பக்கத்தைவிடப் பிடிக்கும், புதுசா வர்றவங்களுக்கும் சுலபம், ஏன்னா கடை முகப்பு வேலையே கிடையாது.

நிறுத்தும்போது சுவருக்கும் தரைக்கும் நடுவுல வெளிச்சம் தெரியக் கூடாது. 2 மி.மீ அட்டையில நடைபாதை வெட்டி, வீட்டை அதுக்குப் பின்னாடி 2 மி.மீ பள்ளத்துல இறக்குங்க, அப்போ மண்ணுல ஊன்றின மாதிரி இருக்கும். நடைபாதை ஓரக்கல் வெளிர்சாம்பல். மொத்த வரிசையையும் ஒரே பலகையில ஏத்தி அடியிலிருந்து ரெண்டு ஸ்க்ரூ போட்டுப் பிடிங்க, லேஅவுட்டோட, அதாவது ரயில் ஓடுற மேஜையோட, சேர்த்து ஒட்டிடாதீங்க. தூசி தட்டவும், பல்பு மாத்தவும், பின்னாடி ஆறாவது வீடு சேர்க்கவும் கழட்ட வேண்டி வரும்.